வெதுவெதுப்பு விக்கிற பெட்டி

வாங்கு ராசா, தாராளமா வாங்கு. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? சம்பாதிக்கிறது நீ, கேக்கப் போறதும் உன் காது. லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல ஒரு கறுப்புப் பெட்டியை உக்கார வச்சா, இளையராஜா பாட்டு இசைத்தட்டுல கேட்ட மாதிரி வெதுவெதுன்னு வரும்னு எவனோ சொல்லியிருக்கான். நீயும் அறுபதாயிரம் ரூவாயைத் தனியா எடுத்து வச்சுட்டு, "தாத்தா, நீங்க மைக் செட் போட்ட ஆளாச்சே, எந்த டாக் வாங்கலாம்?"னு போன் போடுத. சந்தோசம். பொண்ணு பாக்கும்போது ஒரு வார்த்தை கேக்கல, பெட்டி பாக்கும்போதாவது கேட்டியே.

இலவச யோசனைக்கும் ஒரு விலை உண்டு. முழுசாக் கேக்கணும். நடுவுல "மீட்டிங் இருக்கு தாத்தா"ன்னு ஓடக் கூடாது.

அந்தப் பெட்டி செய்யுத வேலை ரொம்பச் சின்னது. 1982-ல சோனியும் பிலிப்ஸும் சிடியைக் கொண்டாந்தாங்கல்லா, அதுல பாட்டுன்னு ஒண்ணும் கிடையாது. வெறும் எண்ணுதான். செகண்டுக்கு 44,100 எண்ணு, ஒவ்வொரு எண்ணும் 65,536 படியில ஏதாவது ஒரு படி. அந்த எண்ணை வாங்கி, அதுக்குத் தக்க வோல்டேஜா மாத்தி வெளிய தள்ளணும். அவ்வளவுதான் உன் டாக். உன் போன்ல ஒண்ணு இருக்கு, டிவியில ஒண்ணு இருக்கு. ஹெட்போன் மாட்டுததுக்கு ஆப்பிள் கம்பெனிக்காரன் விரல் நீளத்துல ஒரு வயர் விக்கானே, அதுக்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சு கிடக்கு. அதை மீட்டர் வச்சு அளந்து பாத்தவங்க, அதோட கோளாறெல்லாம் மனுசக் காதுக்கு எட்டாத ஆழத்துல இருக்குங்காங்க. எண்ணுல இருக்கிறதை அப்படியே வெளிய எடுக்கிறது இன்னைக்கு மலிவான காரியம்.

உனக்கு அது வேண்டாம். அப்படியே வந்தா "சப்புன்னு இருக்கு, உயிர் இல்ல"ங்குத. உனக்கு வேண்டியது அழுக்கு. அதுவும் அழகான அழுக்கு. அப்படிச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு "அனலாக் கேரக்டர்"ங்குத. வடிகட்டின கேன் தண்ணியில ஒரு சிட்டிகை வண்டலைக் கரைச்சுப்புட்டு, தாமிரவருணித் தண்ணி ருசி வந்துட்டுன்னு குடிக்கிற கதைதான். குடி, தப்பில்ல. என்ன வண்டலு, எம்புட்டு வண்டலுன்னு தெரிஞ்சு குடி.

இசைத்தட்டோட வண்டலு எங்க இருந்து வருதுன்னு நான் சொல்லுதேன். கல்யாண வீட்டுலயும் கோயில் கொடையிலயும் தட்டைத் துடைச்சுத் துடைச்சு ஊசி வச்ச கை இது. தட்டு வெட்டுத இடத்துலயே பாட்டை ஒரு வழி பண்ணிருவான். தாழ்ந்த ஒலியை உள்ளபடி வெட்டினா பள்ளம் நெளிஞ்சு பக்கத்துப் பள்ளத்துல போய் முட்டும். அதனால 20 ஹெர்ட்ஸ் பக்கத்துல 20 டெசிபல் போலக் கொறைச்சு, 20,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல அதே அளவுக்கு ஏத்தி வெட்டுவான். கேக்கும்போது போனோ ஆம்ப்ளிஃபயர் அதை நேர்மாறாத் திருப்பும். 1954-ல அமெரிக்காக்காரன் ஆர்ஐஏஏன்னு கட்டிவச்ச கணக்கு. ஆனா திருப்புத பெட்டி ஒண்ணொண்ணும் ஒரு முடி கூட, ஒரு முடி கொறச்சலாத்தான் திருப்பும். அது முதல் வண்டலு.

இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் அடித்தொண்டைச் சத்தம் வேற வேறயாப் போச்சுன்னா ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிரும். அதுக்காக பேஸை எல்லாம் நடுவுல இழுத்து ஒண்ணாக் கட்டிருவான். நீ "பேஸ் கெட்டியா, நடுவுல நிக்குது"ன்னு ரசிக்கல்லா, அது ஊசி துள்ளாம இருக்கப் போட்ட மூக்கணாங்கயிறு. பாடகி "ஸ்"ஸுன்னு அழுத்தினா வெட்டுத தலை சூடேறிக் கருகும்; அதனால உச்சத்தை அடக்கி வைப்பான். அதைத்தான் நீ "காதைக் குத்தல"ங்குத. பெறகு, தட்டு நிமிசத்துக்கு 33⅓ சுத்து சுத்துது. வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில செகண்டுக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடும். லேபிள் பக்கம் வரும்போது அதுல பாதிகூட ஓடாது. அதே சுருதியை அம்புட்டு நெருக்கத்துல எழுதினா என்ன ஆகும்? கடைசிப் பாட்டுல ஜால்ரா மங்கிப் போவும். கூடவே தூசி, கீறல், மோட்டாரோட லேசான தள்ளாட்டம். இம்புட்டையும் சேத்துத்தான் உயிருங்குத. நானும் அதைத்தான் உயிரும்பேன், சண்டை இல்ல. ஆனா பாத்தியா, இதுல ஒண்ணாவது டாக் பெட்டிக்குள்ள நடக்குத வேலையா?

இன்னொண்ணு, நீ ஒப்பிட்டுப் பாக்கிறது ஒரே சரக்கே கிடையாது. இளையராஜா பாட்டு வந்த எக்கோ கம்பெனித் தட்டுக்கு அன்னைக்கு ஒருத்தன் உக்காந்து, ஊசிக்குப் பயந்து பயந்து, ஏத்த இறக்கத்தை அப்படியே விட்டு வெட்டினான். 1990-களுக்கு அப்புறம் சிடிக்கு உக்காந்தவனுக்கு ஊசிப் பயம் இல்ல. அடுத்தவன் பாட்டை விட நம்ம பாட்டு சத்தமா இருக்கணுங்கிற பயம்தான். உலகம் பூரா அந்தப் போட்டி நடந்துச்சு. மெல்லிசான இடத்தையெல்லாம் தூக்கி, உசந்த இடத்தையெல்லாம் நசுக்கி, ஒரே மட்டமாக்கிட்டான். நசுங்கின பாட்டை நிமித்துதது டாக் பெட்டியோட வேலை இல்ல. அறுபதாயிரத்துல பத்தாயிரத்தை நல்ல பதிப்பு தேடுததுக்குச் செலவழிச்சாலே உன் பாதி நோய் போயிரும். இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். அவனுக்கு அதுல என்ன கமிசன்?

சரி, மேல கேளு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ராத்திரி தூக்கம் வராதப்ப நினைச்சு நினைச்சுச் சிரிப்பேன், உங்க ஆச்சி பயந்து எந்திரிச்சிருவா.

அமெரிக்காவுல மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு இசைத்தட்டுக் கம்பெனி. பழைய மூல டேப்பைத் தேடி எடுத்து, அதுல இருந்து நேரா, டிஜிட்டல் கை படாம தட்டு வெட்டுதாங்கன்னு அதை வாங்குதவங்க எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. விலையும் அதுக்குத் தக்கன. லட்ச லட்சமா செலவு பண்ணி டர்ன்டேபிள் வச்சிருக்கிற பெரிய காதுக்காரங்க எல்லாம் "ஆகா, இதுதான்யா அனலாக், டிஜிட்டல்ல இந்த வெதுவெதுப்பு வருமா?"ன்னு கண்ணை மூடிக் கேட்டாங்க. அப்புறம் அந்தக் கம்பெனி மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' தட்டை 40,000 பிரதி போடப் போறோம்னு அறிவிச்சுது. அங்கதான் சில பேருக்கு உறைச்சுது. அவங்க முறைப்படி ஒரு தடவை வெட்டினதுல அத்தனை தட்டு அடிக்க முடியாது. திரும்பத் திரும்ப வெட்டணும். ஒவ்வொரு தடவையும் மூல டேப்பை ஓட்டினா டேப் என்னத்துக்கு ஆகும்? 2022 ஜூலையில அரிசோனாவுல தட்டுக்கடை வச்சிருக்கிறவரு ஒருத்தரு விசயத்தைப் போட்டு உடைச்சாரு. கம்பெனி இஞ்சினியர்களும் ஒத்துக்கிட்டாங்க. டேப்பை டிஎஸ்டிங்கிற டிஜிட்டல் முறையில பிடிச்சு வச்சுக்கிட்டு, அதுல இருந்து தட்டு வெட்டுதது 2011-லயிருந்தே நடக்குதாம்.

என்ன அர்த்தம்? தட்டு வெட்டுத மெஷினுக்கு முன்னால ஒரு டாக் பெட்டி கமுக்கமா உக்காந்திருந்திருக்கு. பதினொரு வருசமா அந்தப் பெரிய காதுக்காரங்க அது வழியா வந்த பாட்டைக் கேட்டுத்தான் டிஜிட்டலைத் திட்டியிருக்காங்க. வழக்குப் போட்டு, கடைசியில இரண்டரைக் கோடி டாலருக்கு சமாதானம் ஆச்சு. பணம் திரும்பக் கிடைச்சுது சரி. ரசிச்ச ரசனையை எந்தக் கோர்ட்டுல திரும்பக் கொடுக்கிறது? இதுல கூத்து என்னன்னா, இது புதுசும் இல்ல. ஜப்பான்ல டெனான் கம்பெனிக்காரன் 1972-லயே டிஜிட்டல்ல பதிவு பண்ணி இசைத்தட்டா வித்திருக்கான். சிடி பொறக்க பத்து வருசம் இருக்கு அப்போ.

நான் சிரிக்கிறது அவங்களை இல்ல. அந்தத் தட்டு நல்லாத்தான் இருந்திருக்கும். டிஜிட்டல் வெதுவெதுப்பைத் திருடல, அது வேற எங்கயோ இருந்து வருதுன்னு அவங்க காதே சாட்சி சொல்லியிருக்கு. சாட்சி சொன்னது அவங்களுக்கே தெரியல, அதுதான்.

இனி உன் கடைக்கு வருவோம். உன் முன்னால மூணு வகையாப் பரப்புவான்.

ஒண்ணு, ஏணிப் பெட்டி. ஆர்-2ஆர்ன்னு எழுதியிருக்கும். ரெண்டே அளவு ரெசிஸ்டரை ஏணி மாதிரி மாட்டி வச்சு, எண்ணுல ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு படி. 16 பிட்டுன்னா மேல்படி கீழ்ப்படியை விட 32,768 மடங்கு பெருசு. மேல்படி ரெசிஸ்டரு லட்சத்துல மூணு பங்கு பிசகினாப் போதும், கீழ்ப்படி அளவுக்குத் தப்பு விழுந்துரும். கடையில கிடைக்கிற ரெசிஸ்டரு நூத்துக்கு ஒண்ணு பிசகும். பொறுக்கி எடுத்து விலை கொடுத்தா பத்தாயிரத்துக்கு ஒண்ணு. சூடு ஏறினா அதுவும் நகரும். அதனாலதான் நல்ல ஏணிக்கு அம்புட்டு விலை. சீனாக்காரங்க டெனாஃப்ரிப்ஸ், ஹோலோன்னு நல்லாவே செய்யுதாங்க. ஃபீயோ கம்பெனி கே11 ஆர்2ஆர்ன்னு கைக்கடக்கமா ஒண்ணு போட்டிருக்கு, விலையும் கைக்கடக்கம். ஏணியில சின்னப் பிசகு இருந்தா அது மெல்லிசான ஒலியிலதான் முதல்ல கசியும். அதை சில காதுக்குப் பிடிக்கும், உனக்கும் பிடிக்கலாம்.

பழைய ஏணிதான் வேணும், பிலிப்ஸ் டிடிஏ1541ஏ சில்லு போட்ட பெட்டிதான் வேணும்னு தேடுத கூட்டமும் உண்டு. 1980-கள்ல வந்த அருமையான சில்லு, சந்தேகமே இல்ல. (உண்மையில அது சாதா ஏணி இல்ல, கரண்டைப் பங்கு போட்டுப் போட்டு மாத்தி மாத்திச் சரிக்கட்டுத வித்தை. அதை இன்னொரு நாள் சொல்லுதேன்.) பொறுக்கி எடுத்த சில்லுக்கு பிலிப்ஸ்காரன் தலையில ஒரு கிரீடம் அச்சடிச்சான், இன்னும் நல்லதுக்கு ரெண்டு கிரீடம். இப்போ அந்தச் சில்லு செய்யுததே இல்ல, ஆனா கிரீடம் மட்டும் சந்தையில குறையாம வந்துக்கிட்டே இருக்கு. சாதாச் சில்லைச் சுரண்டிட்டு மேல ராசா முத்திரை குத்துதவன் இருக்கான். ராசாவைப் பாத்தா கும்பிடு, காசை மட்டும் நீட்டாத.

ஏணிப் பெட்டியில "என்ஓஎஸ்"னு ஒரு சுவிட்சு இருக்கும். வழக்கமா எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவுல கணக்குப் போட்டு இட்டு நிரப்பி, அப்புறம்தான் ஒலியாக்குவான். 1990-கள்ல ஜப்பான்ல ரியோஹேய் குசுநோகின்னு ஒருத்தரு, அந்த இட்டு நிரப்புதலே வேண்டாம்னு எழுதினாரு. அதுல இருந்து அது ஒரு மதமாவே ஆயிட்டு. நிரப்பாம விட்டா என்ன ஆகும் தெரியுமா? கணக்குப்படி 10,000 ஹெர்ட்ஸ்ல முக்கால் டெசிபல் இறங்கும், 20,000-ல மூணு டெசிபலுக்கு மேல இறங்கும். அதாவது ட்ரெபிள் குமிழை ஒரு நெல்லு இடது பக்கம் திருப்பின கணக்கு. அதோட 22,000-க்கு மேல கொஞ்சம் பேய்ச்சத்தம் வரும், அது வவ்வாலுக்கு. அந்தக் குமிழு என் பழைய ஆம்ப்ளிஃபயர்ல ஓசியா வந்துச்சு. உனக்கு அதுக்கு ஒரு தத்துவமும் சேத்துத் தருதாங்க, அதுக்குத்தான் விலை.

ரெண்டு, டெல்டா-சிக்மா. உலகத்துல பெரும்பாலான பெட்டி இதுதான், சுத்தமானதும் இதுதான். அதனால உனக்குப் பிடிக்காது. அதுல ஏகேஎம் சில்லு வெதுவெதுப்பு, ஈஎஸ்எஸ் சில்லு சில்லுன்னு இருக்கும்னு சொல்லுவான். ஏகேஎம்காரன் தன் சரக்குக்கு "வெல்வெட் சவுண்ட்"னே பேரு வச்சுட்டான், காது என்ன பண்ணும், பேரைத்தான் கேக்கும். 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நொபெயோக்காங்கிற ஊர்ல இருந்த அவங்க ஃபேக்டரி தீப்பிடிச்சு நாள் கணக்குல எரிஞ்சுது. சில்லு கிடைக்காம பல கம்பெனிக்காரங்க உள்ள வேற சில்லை மாட்டிக் கடையைத் தொடர்ந்தாங்க. சில்லை விட அதைச் சுத்தி இருக்கிற சர்க்யூட்டுலதான் விசயம் ஜாஸ்தி.

இதுல ஃபில்டர்னு ஒரு மெனு இருக்கும். "ஸ்லோ"ன்னு இருக்கிறதை அமுக்கினா உச்சம் லேசாச் சரியும். காசு கொடுக்காம கிடைக்கிற வண்டலு. உன்கிட்ட ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தா அதுலயே இது இருக்கலாம், இதுவரைக்கும் திறந்து பாத்திருக்க மாட்ட.

மூணாவது, வால்வு வச்ச பெட்டி. இதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இளகும். வால்வு ரேடியோ ரிப்பேர் பாத்தவன் நான். வால்வு நிசமாவே ஒண்ணைச் சேக்கும்: ரெண்டாவது ஹார்மானிக். நாதசுரக்காரர் "ச" பிடிச்சா, அது கூடவே மேல் ஸ்தாயி "ச"வை லேசா ஒட்டவைக்கும். சொந்தத் தம்பிதானே, உறுத்தாது, சத்தம் கொழுத்த மாதிரி இருக்கும். மூணாவது சேந்தா மேல் பஞ்சமம், அதுவும் சொந்தம்தான். அதுக்கும் மேல போகப் போகத்தான் ஒட்டாத உறவெல்லாம் பந்தியில உக்காரும். ஆக, வால்வோட வெதுவெதுப்பு பொய்யில்ல. ஆனா அதுக்கு நூறு வோல்டுக்கு மேல கொடுத்து ஓட்டினாத்தான் அதோட குணம் தெரியும். உனக்குக் காட்டுத மலிவுப் பெட்டியில பன்னெண்டு வோல்டு, இருபத்திநாலு வோல்டுல அது அரைத்தூக்கத்துல இருக்கும். இன்னும் சில பெட்டியில வால்வுக்கு அடியில ஆரஞ்சுக் கலர் எல்இடி மாட்டியிருப்பான், எரியுத மாதிரி தெரியணும்லா! ராத்திரி லைட்டை அணைச்சுட்டு அந்த வெளிச்சத்துல கேட்டா ரொம்ப வெதுவெதுப்பா இருக்கும். விளக்கு வேணும்னா நம்ம ஊர்த் திருவிழாவுல நாப்பது ரூவாய்க்கு வாங்கித் தாரேன்.

இப்போ நான் ஒரு வேலை சொல்லுதேன், செய்யி. உன் பிளாட்டுல தரை பூரா டைல்ஸு, சுவரு பூரா வெறுஞ்சுவரு, ஜன்னல் பூரா கண்ணாடி. கையைத் தட்டினா "டிங்"குன்னு திரும்பி வரும். அந்த அறையில எந்தச் சாமியைப் பாட வச்சாலும் கீச்சுன்னுதான் பாடும். ஸ்பீக்கருக்கும் உனக்கும் நடுவுல ஒரு பவானி ஜமுக்காளத்தை விரி. பக்கத்துச் சுவருல புஸ்தக அலமாரி வை, உன்கிட்ட புஸ்தகம் இருந்தா. ஸ்பீக்கரைப் பின்சுவருக்கு ஒரு சாண் நெருக்கி வை, பேஸ் தானாக் கொழுக்கும். ரொம்ப நெருக்கினா தவிலு மட்டும்தான் கேக்கும், அதுக்கு முன்னால நிறுத்து. லேப்டாப்புல ஈக்வலைசர் ஏபிஓன்னு ஒண்ணு ஓசியாவே கிடைக்கு. 150 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு டெசிபல் ஏத்து, 5,000-க்கு மேல ஒண்ணரை டெசிபல் இறக்கு. ஒரு வாரம் அப்படியே கேளு. உன் வீட்டுக்காரிகிட்ட "பெட்டி வந்துட்டு"ன்னு மட்டும் சொல்லாத, அறுபதாயிரம் எங்கன்னு கேப்பா.

அதுக்கு மேலயும் வாங்கணும்னு தோணினா, கேட்டுப் பாத்து வாங்கு. கேக்கிறதுலதான் எல்லாரும் ஏமாறுதாங்க. ரெண்டு பெட்டியில எது ஒரு பொட்டு சத்தமா இருக்கோ, அதுதான் "கொழுப்பா, வெதுவெதுப்பா" தெரியும். இது கடைக்காரனுக்குத் தெரியும். ஒரு பெட்டி 2 வோல்டு கொடுக்கும், இன்னொண்ணு 2.5 வோல்டு கொடுக்கும், எதை ரெண்டாவதா போட்டுக் காட்டுவான்னு நினைக்க? அதனால மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போ. 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ரெண்டுலயும் ஏசி வோல்டேஜை அளந்து நூத்துக்கு ஒண்ணுக்குள்ள சமப்படுத்து. மீட்டர் இல்லேன்னா என்னுது இருக்கு, பழசு, கொஞ்சம் நடுங்கும், என்னை மாதிரியே. அளந்த பெறகு, எது ஓடுதுன்னு உனக்குத் தெரியாம வேற ஒருத்தரை மாத்தி மாத்தி வைக்கச் சொல்லு. கடைக்காரனை இல்ல, அவன் முகத்துலயே விலை எழுதியிருக்கும். உங்க ஆச்சி மாதிரி, பாட்டையும் கவனிக்காம பெட்டியையும் கவனிக்காம முறுக்கு தின்னுக்கிட்டே சுவிட்சு போடுத ஆளு வேணும்.

இன்னொரு விசயம், இது நெசமாவே உருப்படியானது. பெட்டியை யூஎஸ்பியில மாட்டினதும் ஸ்பீக்கர்ல "ம்ம்"முன்னு 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தா, அது வெதுவெதுப்பு இல்ல. எர்த்துக் கோளாறு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாரு, நின்னுச்சுன்னா அதேதான். ஆப்டிக்கல் வயர்ல மாட்டினா கரண்டுச் சொந்தம் அறுந்து போயி முனகலும் போயிரும். அதுக்குன்னு எர்த்துக் கம்பியை வெட்டிட்டு உக்காந்துராத. மைக் செட்டுல அப்படி வெட்டினவங்களுக்குப் பாட்டு நல்லாக் கேட்டுச்சு, கை மைக்கை விட்டு வரல.

முடிவாக் கேக்குத, எதை வாங்கன்னு. ஏணி வச்சு, என்ஓஎஸ் சுவிட்சும் வச்சு, பிடிக்கலேன்னா திருப்பி எடுத்துக்குவேன்னு எழுத்துல சொல்லுத கடையில, உன் அறுபதாயிரத்துல மூணுல ஒரு பங்குக்குக் கிடைக்கிற ஒண்ணை வாங்கு. சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டி விளையாடு. மிச்சத்துல பாட்டு வாங்கு.

வாங்கினதும் அட்டைப்பெட்டி, தெர்மோகோல், பில்லு எதையும் உன் வீட்டுக்காரி குப்பையில போடாம பாத்துக்கோ. அடுத்த தீவாளிக்குள்ள நீ வேற பெட்டி பாக்கத்தான் போற. அப்போ இதைப் பாதி விலைக்குத் தள்ள நினைப்ப. ஒரு ஆளு கால் விலைக்குக் கேப்பான். போன்ல கொஞ்சம் இருமுவான், உங்க ஆச்சி பேரைச் சொல்லுவான், காது முன்ன மாதிரி இல்லைம்பான். கொடுத்துரு. கொரியர் செலவு உன்னோடது.